எரிந்ததா, எறிந்ததா?

மார்ச் 6

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே நாங்கள் எல்லாரும் சுகம். 'எல்லாரும்' என்பதில் என் இடது முழங்கால் மட்டும் சேராது. தாங்களும் சம்பந்தியம்மாளும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாளின் கால் வீக்கம் வடிந்ததா என்று மருமகள் கவலைப்பட்டுக்கொண்டே இருக்கிறாள்.

போனில் பேசியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். நான் அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்தவன். வாயால் சொன்னதைப் பிறகு சிவப்பு மையால் திருத்த முடியாது. ஆகவே முக்கியமான விஷயம் எதையும் நான் வாயால் சொல்வதில்லை. என் மனைவி இதைப் பற்றி வேறு கருத்து வைத்திருக்கிறாள்.

விஷயம் இதுதான். என்னிடம் ஒரு ரயில் எஞ்சின் இருக்கிறது. உள்ளங்கை நீளம், பச்சை நிறம், நல்ல கனம். வீட்டில் அதைப் பொம்மை என்கிறார்கள். மாதிரி ரயில் என்பதே சரி. வாரம் ஒருநாள் மாதிரி ரயில் சங்கத்துக்குக் கொண்டுபோய், அங்கே மேஜைமேல் போட்டிருக்கும் தண்டவாளத்தில் ஓட்டிவிட்டு வருவேன். ஓய்வுபெற்ற பிறகு எனக்கு வாய்த்த சந்தோஷம் அது ஒன்றுதான்.

இப்போது அதற்கும் வந்தது வினை. பழைய முறையில் தண்டவாளத்தில் கரண்ட் விட்டால் அதன்மேல் நிற்கும் எஞ்சின் ஓடும், நிறுத்தினால் நிற்கும். புதிய டிஜிட்டல் முறையில் கரண்ட் எப்போதும் இருக்கும். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் நகத்தளவு ஒரு சிப், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். தன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் அசையும். சங்கம் முழுவதும் இந்த முறைக்கு மாறிவிட்டது. எங்கள் தலைவர் ஒரு பல் டாக்டர். "சிப் இல்லாத எஞ்சின் எல்லாம் அலமாரியில பல்லை இளிச்சுக்கிட்டு நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நேற்று சாப்பிடும்போது இதைச் சொல்லிப் புலம்பினேன். மருமகள் சட்டென்று, "எங்கப்பா பண்ணிடுவாரு மாமா. கரண்ட்ல எங்கப்பாவுக்குத் தெரியாதது எதுவுமே இல்லை" என்றாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். என் மனைவி, "அப்படியா? பாப்போம்" என்றாள்.

எனவே எஞ்சினையும், புதுச் சிப்பையும், சோதித்துப் பார்க்க ஒரு முழம் தண்டவாளத்தையும், சங்கத்தின் உபரிக் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் அனுப்புகிறேன். சிப்போடு வந்த விளக்கத் தாள் அந்நிய மொழியில் இருந்தது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி வளவளவென்று இழுத்திருந்தார்கள். கூறியது கூறல் ஒரு குற்றம். அதையெல்லாம் நீக்கி, தங்களுக்காகச் செறிவான தமிழில் இரண்டே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கண்காட்சி செப்டம்பர் கடைசியில்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம்.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

*

மார்ச் 17

அன்புள்ள சம்பந்தி அய்யாவுக்கு,

நாங்கள் நலம். வீட்டுக்காரியின் கால் வீக்கம் குறைந்து வாய் பழைய நிலைக்கு வந்துவிட்டது. உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

இஞ்சின் பத்திரமாக வந்து சேர்ந்தது. அழகு என்றால் அழகு அப்படி ஒரு அழகு. இந்த வேளை எல்லாம் எனக்கு ஜுஜுபி அய்யா. எத்தனை மாடிக் கட்டடத்துக்கு வயரிங் வேளை செய்திருக்கிறேன், இந்த எஞ்ஜினுக்குள் இருப்பது நாலு ஒயர். கரண்டோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திவிட்டேன், என் வீட்டுக்காரியோடு ஒப்பிட்டால் அது சாது.

என் தொழிலில் ஒரே மந்திரம்தான். இரும்புப் பாடியா, முதலில் எர்த் கொடு. எர்த் சரியாக இருந்தால் எமனே வந்தாலும் வாசலோடு திரும்பிப் போய்விடுவான். உங்கள் எஞ்சினுக்கு நான் கொடுக்கப்போகும் எர்த்தைப் பார்த்து பல் டாக்டர் பல்லைக் கடிக்க வேண்டும்.

நீங்கள் எழுதிய இரண்டு பக்கம் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. சாவகாசமாகப் படிக்கிறேன். என் மகள் சொன்னால் சொன்னதுதான். கவலையே வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

*

ஏப்ரல் 9

என் கண்ணுக்கு அப்பா எழுதுவது,

நீயும் மாப்பிள்ளையும் நலமா? நாங்கள் நலம். இல்லை, அம்மா நலம். நான் நலம் இல்லை. இதை வீட்டு விலாசத்துக்கு அனுப்பாமல் நீ வேளை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு அனுப்புகிறேன் என்பதிலேயே உனக்குப் பாதி புரிந்திருக்கும்.

இஞ்சினைத் திறந்தேன். மோட்டாரின் ஒரு முனை இரும்புப் பாடியை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தது. "பரவாயில்லையே, அந்தக் காலத்துக்காரன் ஒழுங்கா எர்த் கொடுத்திருக்கான்யா" என்று பாராட்டிவிட்டு, போதாததற்கு ஒரு கம்பியும் வைத்து இன்னும் கெட்டியாகப் பற்றவைத்தேன். சிப்பை மாட்டினேன். தண்டவாளத்தில் வைத்து ஸ்விட்சைப் போட்டேன்.

எஞ்சின் ஓடவில்லை. புகை வந்தது. நீராவி எஞ்சின்தானே, புகை விடுவதும் இதில் ஒரு வசதி போலிருக்கிறது என்று நான் கொஞ்ச நேரம் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன் கண்ணு. உன் அம்மா உள்ளேயிருந்து, "என்னங்க கருகுது?" என்றாள். "ஒன்னுமில்லை" என்றேன். "ஒன்னுமில்லாததா இந்த நாத்தம் நாறுது?" என்றாள்.

அதற்கப்புறம்தான் உன் மாமனார் எழுதிய இரண்டு பக்கத்தையும் படித்தேன். முதலிலேயே படித்திருக்கலாமே என்று கேட்காதே. விளக்கத் தாள் படித்து வேளை செய்தால் என் கூட வேளை பார்த்தவர்கள் சிரிப்பார்கள். கடைசியில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு அடிக்குறிப்பு. "மோட்டார் பாடியைத் தொடலாகாது." இந்தச் சிப் விஷயத்தில் எல்லாமே தலைகீழாம். எர்த்தே கொடுக்கக் கூடாதாம். எங்கேயாவது உண்டா இந்த அநியாயம்?

மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. சிப் போயே போச்சு. இங்கே கடை கடையாக ஏறி இறங்கிவிட்டேன். ரயில் எஞ்சினுக்குச் சிப் என்றால் மேலும் கீழும் பார்க்கிறார்கள். உன் மாமனாரிடம் எப்படிச் சொல்வது? நீதான் ஒரு வழி சொல்ல வேண்டும்.

அப்பா

*

ஏப்ரல் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலமாக இல்லை, உங்கள் கடிதம் வந்ததிலிருந்து. அம்மாவிடம் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லுங்கள்.

அப்பா, நான் உங்களை என்ன சொல்லித் திட்டுவது? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நீங்கள் எர்த்தால் கெட்டீர்கள், நான் வாயால் கெட்டேன். இந்த வீட்டில் என்னை யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அதுதான் கஷ்டமே. விருந்தாளி மாதிரி வைத்திருக்கிறார்கள். ஒரு டம்ளரைக் கழுவப் போனால்கூட அத்தை வாங்கி வைத்துவிடுகிறார். எந்தப் பேச்சிலும் எனக்குப் பங்கு இல்லை. முதல்முறையாக வாயைத் திறந்து நான் ஒரு பெருமை பேசினேன். அது உங்களைப் பற்றி. இப்போது சாப்பிட உட்கார்ந்தாலே அத்தை, "சம்பந்தி வேலை முடிஞ்சுதாமா?" என்று கேட்கிறார். கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் படிக்கத் தெரியவில்லை. உங்கள் மாப்பிள்ளையைக் கேட்டால், "அம்மா எப்பவும் அப்படித்தான்" என்கிறார். எப்படித்தான் என்று சொல்ல மாட்டேன் என்கிறார்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். மருமகளின் அப்பா உடைத்தால் என்ன குடம் என்று எந்தப் பழமொழியிலும் இல்லை. இது வெளியே தெரிந்தால், நான் சொன்ன முதல் வார்த்தையே பொய் என்று ஆகிவிடும். அப்புறம் நான் இந்த வீட்டில் எதைச் சொன்னாலும் அந்தச் சிரிப்புதான்.

சங்கத்துக்கு வரும் ஒருவர் எங்கள் கடைக்கும் கண்ணாடி போட வருவார். அவர் மூலமாக வேறு சிப் கிடைக்குமா என்று பார்க்கிறேன். சிப்போடு வந்த மூலத் தாளை மாமாவின் அலமாரியிலிருந்து எடுத்துவந்து, கடையில் உட்கார்ந்து முழுதாகப் படித்துவிட்டேன். அதுவரை மாமாவுக்கு என்ன எழுத வேண்டும் என்று தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். அப்படியே பார்த்து எழுதுங்கள். ஒரு எழுத்துக்கூட மாற்றக் கூடாது. முக்கியமாகப் பிழை வரக் கூடாது. மாமாவுக்குப் பிழை கண்ணில் பட்டால் மற்ற எதுவும் படாது.

உங்கள் மகள்

*

மே 2

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் அனைவரும் நலமாக உள்ளோம்; தங்கள் அனைவரின் நலனையும் விழைகிறோம்.

தங்கள் எஞ்சின் தொடர்பான வேலை நல்ல முன்னேற்றம் கண்டு வருகிறது. இது மிகவும் நுணுக்கமான வேலை என்பதால் அவசரம் காட்ட விரும்பவில்லை; பொறுமையே இதற்கு முதல் தேவை. எஞ்சின் தற்போது ஓய்வில் உள்ளது; அடுத்த கட்டம் குறித்து உரிய நேரத்தில் தெரிவிக்கிறேன். தாங்கள் கவலைகொள்ள வேண்டியதில்லை.

தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

*

மே 11

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

சுகம். முழங்கால் பற்றி விசாரித்ததற்கு நன்றி. அது எஞ்சினைப் போலவே ஓய்வில் உள்ளது.

தங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை விஷயத்துக்காக. விஷயம் எதுவும் இல்லை. இரண்டாம் முறை பிழைக்காக. பிழையும் இல்லை. மூன்றாம் முறை பயந்துபோய்ப் படித்தேன்.

மார்ச் மாதக் கடிதத்தில் தாங்கள் எஞ்சினை மூன்று விதமாக எழுதியிருந்தீர்கள். வேலை என்று வர வேண்டிய இடமெல்லாம் வேளை. நான் குறையாகச் சொல்லவில்லை, படிக்க உற்சாகமாக இருந்தது. இந்தக் கடிதத்திலோ வேலை வேலையாகவே இருக்கிறது. இத்தனை வருட அனுபவத்தில் சொல்கிறேன், ஒரு மனிதன் திடீரென்று பிழையில்லாமல் எழுதினால் அவன் ஏதோ பெரிய பிழை செய்திருக்கிறான்.

போதாததற்கு அரைப்புள்ளி. மூன்று இடத்தில் வருகிறது, மூன்றும் சரியான இடத்தில். எனக்குத் தெரிந்து நம் இரண்டு குடும்பத்திலும் அரைப்புள்ளி வைக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருவன் நான்.

என் எஞ்சினுக்கு என்ன ஆயிற்று?

சம்பந்தியம்மாளுக்கு வணக்கம்.

சம்பந்தி

*

ஜூலை 3

அன்புள்ள சம்பந்தி அய்யாவுக்கு,

நலம். உங்கள் கடிதம் வந்து ரொம்ப நாள் ஆகிவிட்டது. பதில் போடாமல் இருந்ததற்குக் காரணம் பேனாவில் மை இல்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எவ்வளவு நாள்தான் மறைப்பது.

அய்யா, சிப் எறிந்து விட்டது. முழுக்க முழுக்க என் தப்பு. நாலு பேர் பாராட்டணும் என்று எர்த்தை இழுத்துப் பற்றவைத்தேன். இஞ்சின் நன்றாக இருக்கிறது, மோட்டார் நன்றாக இருக்கிறது, சிப் மட்டும் எறிந்து விட்டது. இந்த வேளையில் நான் புலி என்று நினைத்திருந்தேன். எலிகூட இல்லை.

போன கடிதத்தை எழுதியதும் நான்தான். என் மகளுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அரைப்புள்ளி என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது, ஆனால் வைத்தது நான்தான். அவள் அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் சொன்னது பொய் இல்லை அய்யா. அவள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள். நம்ப வைத்தவன் நான். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். அவளை ஒரு வார்த்தை கேட்டுவிடாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

சம்பந்தி

*

ஜூலை 12

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பழையபடி தாங்களே எழுதியிருப்பதில் எனக்கு மிகுந்த நிம்மதி.

ஒரு தெளிவு தேவைப்படுகிறது. 'சிப் எறிந்து விட்டது' என்று இரண்டு இடத்தில் எழுதியுள்ளீர்கள். வல்லின றகரம் போட்டால் கையால் வீசியது. இடையின ரகரம் போட்டால் நெருப்பில் போனது. வீசியது என்றால் அது கோபம். என் எஞ்சின்மேல் தங்களுக்கு என்ன கோபம் என்று நான் கேட்க வேண்டியிருக்கும். நெருப்பில் போனது என்றால் அது விபத்து. இரண்டில் எது நடந்தது என்று தெரிந்தால்தான் எந்த அளவுக்கு வருத்தப்படுவது என்று நான் முடிவு செய்ய முடியும்.

தாங்கள் பதில் எழுதும்வரை நெருப்பு என்றே வைத்துக்கொள்கிறேன். ஏனென்றால் அந்த நெருப்பில் எனக்கும் பங்கு உண்டு. 'மோட்டார் பாடியைத் தொடலாகாது' என்ற எச்சரிக்கை மூலத் தாளில் பக்கத்துக்குப் பக்கம் கொட்டை எழுத்தில் இருந்தது. நான்தான் கூறியது கூறல் என்று அத்தனையையும் அடித்துவிட்டு, ஒன்றை மட்டும் அடிக்குறிப்பாக வைத்தேன். தாங்கள் எர்த் கொடுத்தீர்கள், நான் எச்சரிக்கையை அடித்தேன். இருவரும் அவரவர் தொழிலை ஒழுங்காகச் செய்ததால் வந்த வினை இது.

மருமகளிடம் நான் எதுவும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். என் மனைவிக்கும் இது தெரியாது. தெரியாமலே இருக்கட்டும். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதை முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பவன் நான்.

புதுச் சிப் வாங்கிவிட்டேன். கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்னால் எஞ்சினோடு நேரில் வாருங்கள். நான் படிக்கிறேன், தாங்கள் செய்யுங்கள்.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

*

ஜூலை 24

அன்புள்ள சம்பந்தி அய்யாவுக்கு,

நலம். இடையினம்தான் அய்யா. சத்தியமாக இடையினம். வருகிறேன்.

சம்பந்தி

*

செப்டம்பர் 29

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் ரொம்ப ரொம்ப நலம். உங்கள் கால் எப்படி இருக்கிறது? நடக்க முடிந்திருந்தால் நீங்களும் அப்பாவோடு வந்து இந்தக் கூத்தை நேரில் பார்த்திருக்கலாம். அப்பா நாளைக்குக் கிளம்புகிறார். அவர் வந்து சொல்வதற்குள் நான் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். அவர் சொன்னால் பாதியை விட்டுவிடுவார்.

அப்பா வந்து இறங்கிய அன்றைக்கே உடைந்தது குட்டு. அத்தைக்குத் தெரியக் கூடாது என்று மாமா அத்தனை ஏற்பாடு செய்து வைத்திருந்தார். அத்தை கதவைத் திறந்து, "வாங்க சம்பந்தி, பிரயாணம் எல்லாம் சௌகரியமா இருந்துச்சா?" என்றுதான் கேட்டார். அப்பா வாசலில் நின்றபடியே, "மன்னிச்சிடுங்கம்மா, நான் அதைக் கருக்கிட்டேன்" என்றார். பின்னால் நின்று நானும் மாமாவும் கையை ஆட்டியது எல்லாம் வீண். அத்தை அப்பாவைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். "அப்படியா" என்றார். உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தார். அவ்வளவுதான். அந்த "அப்படியா"வை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் தூங்கவில்லை.

சாப்பாட்டு மேஜையைப் பெரியவர்கள் இருவரும் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சோபாவில் சாப்பிட்டோம். மாமா இந்தத் தடவை மூலத் தாளை ஒரு எச்சரிக்கை விடாமல் வாசித்தார். "மோட்டார் பாடியைத் தொடலாகாது" என்று ஒவ்வொரு பக்கத்திலும் நிறுத்தி வாசித்தார். அப்பா ஒவ்வொரு தடவையும், "தொடலை சம்பந்தி, தொடலை" என்றார். பழைய எர்த் கம்பியை வெட்டி எறிந்துவிட்டு (வல்லினம் என்று மாமா சொன்னார்) மோட்டாருக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகினார். ஸ்விட்சைப் போட்டதும் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எஞ்சின் சமர்த்தாக ஓடியது. மாமா அப்பாவின் தோளில் தட்டினார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் அம்மா, ஒன்று பாக்கி இருந்தது. எந்தச் சிப்பாக இருந்தாலும் வாங்கும்போது அதன் எண் மூன்றுதான். வேறு எண்ணுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வீட்டில் ஒரே எஞ்சின்தானே, மூன்று என்று கூப்பிட்டால் ஓடியது, எண்ணை மாற்ற இருவரும் மறந்தே போனார்கள். மாமா மோட்டாரைத் தொடாதே என்று வாசித்த மும்முரத்தில் அந்தப் பக்கத்தைச் சேர்த்துத் திருப்பிவிட்டார். எனக்குத் தெரியும். நான்தான் ஏற்கெனவே படித்திருக்கிறேனே. சொல்லலாம் என்று மேஜைவரை போனேன். இரண்டு பெரியவர்கள், ஏற்கெனவே ஒரு வார்த்தை சொல்லி இத்தனை கலாட்டா, இன்னொரு வார்த்தை எதற்கு என்று டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

கண்காட்சியில் ஒரே கூட்டம். பல் டாக்டர் அன்றைக்குத்தான் பெட்டி பிரித்த புத்தம்புது எஞ்சினை ஸ்டேஷனில் நிறுத்தியிருந்தார், வெள்ளி மாதிரி பளபளவென்று. எதிர்க்கோடியில் மாமா நம் பச்சையை வைத்தார். கட்டுப்பாட்டுப் பெட்டியில் மூன்றை அழுத்திக் குமிழைத் திருப்பினார். பச்சை கிளம்பியது. மாமாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதே நேரத்தில் டாக்டரின் எஞ்சினும் கிளம்பியது, அதே தண்டவாளத்தில், எதிரே.

"யாருங்க என் எஞ்சினைக் கிளப்பினது?" என்று டாக்டர் கத்திக்கொண்டு தன் பெட்டியில் பின்பக்கமாகத் திருப்பினார். இரண்டும் பின்னால் போயின. மாமா பதறிப்போய் முன்பக்கம் திருப்பினார். இரண்டும் முன்னால் வந்தன. ஆளுக்கொரு மூலையில் நின்று இரண்டு பேரும் இரண்டு எஞ்சினையும் இழுபறி பண்ண, ஏதோ வேடிக்கை காட்டுகிறார்கள் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. கடைசியில் டங்கென்று ஒரு முட்டல். டாக்டருடைய எஞ்சின் குப்புற விழுந்தது. நம் கிழட்டு எஞ்சின் அசையவே இல்லை.

டாக்டர் சிவந்துபோய், "எந்த வயர்மேன் கையில குடுத்து இதை நாசம் பண்ணினீங்க?" என்று கேட்டார். அத்தனை பேர் முன்னால் அப்பா ஒரு அடி முன்னால் வந்து, "நான்தான் சார்" என்றார்.

"டாக்டர், உங்க எஞ்சின் நம்பர் என்ன?" என்று கேட்டேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"மூணு."

"நீங்க மாத்தலையா?"

"வாங்கும்போதே மூணுதான்."

"எல்லாமே வாங்கும்போது மூணுதான் சார். மாத்திக்கணும்."

"அப்போ இவரு மாத்தினாரா?"

மாமா ஏதோ சொல்ல வந்தார், வாயால் சொல்லிப் பழக்கமில்லாததால் வார்த்தை வரவில்லை. அப்போதுதான் பின்னாலிருந்து கைப்பையை மாட்டிக்கொண்டு அத்தை வந்தார்.

"டாக்டரே, எங்க சம்பந்தி வேலையில குறை இருந்தா அதை நாங்க வீட்டுல வச்சுப் பேசிக்குவோம். உங்க எஞ்சினுக்கு நம்பர் மாத்த வேண்டியது யாரு? அதுக்கும் எங்க சம்பந்திதான் வரணுமா?"

கூட்டம் சிரித்தது. டாக்டர் எஞ்சினைத் தூக்கத் தொடங்கினார். அப்பா குனிந்து அவருக்கு உதவி செய்தார். அங்கேயே இரண்டு எஞ்சினுக்கும் எண்ணை மாற்றிக் கொடுத்ததும் அப்பாதான், பக்கத்தில் நின்று நான் படிக்கப் படிக்க.

வீட்டுக்கு வந்தோம். அத்தை கதவைச் சாத்தினார். கைப்பையை வைத்தார். நேராக என்னிடம் வந்தார்.

"ஏன்டி, நம்பரை மாத்தணும்னு உனக்குத் தெரிஞ்சிருக்குல்ல? அங்கே அந்த டாக்டரை அந்தக் கேள்வி கேக்குறே. இங்கே ஒரு வாரமா ரெண்டு கிழமும் என் மேஜையை அடைச்சுக்கிட்டுக் கிடந்துச்சே, அப்போ சொல்றதுக்கு என்ன? வாயில என்ன வச்சிருந்தே? நீ சொல்லாம இந்த வீட்டுல வேற யாருடி சொல்லுவா?"

எட்டு மாதமாக "நீங்க சாப்பிட்டீங்களா", "நீங்க உக்காருங்க, நான் பாத்துக்குறேன்" என்று மரியாதையோடு மட்டுமே என்னிடம் பேசிய அத்தை, அம்மா. ஒரே மூச்சில் இரண்டு 'டி'. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அப்பா பதறிப்போய், "வேணாம்மா, திட்டாதீங்க, தப்பு என்னோடது" என்று நடுவில் வந்தார்.

"அப்பா, நீங்க சும்மா இருங்க" என்றேன். "அவங்க திட்டட்டும்."

உங்கள் மகள்